க்னூகேஷில் வங்கி சிஎஸ்வி ஏற்றினால் தேதியும் தொகையும் குழம்புகின்றன, உதவி தேவை

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணக்கை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று மடிக்கணினியில் க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளை நிறுவியிருக்கிறேன். மனைவியும் நானும் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறோம். சம்பளம் வரும் சேமிப்புக் கணக்கு ஒன்று, கடன் அட்டை ஒன்று, திருச்சியில் ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வைக்கும் ரூபாய்க் கணக்கு). இவ்வளவுதான். வங்கியின் இணையதளத்திலிருந்து ஏப்ரல் மாதப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இறக்கி ஏற்றினேன்.

வந்தது இப்படி இருக்கிறது. ஏப்ரல் கணக்கு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சிதறிக் கிடக்கிறது. மாதத்தின் பிற்பாதிச் செலவுகளைக் காணவே காணோம். கடையில் கொடுத்த பணமெல்லாம் வரவு பக்கத்தில் நிற்கிறது. இம்பாலன்ஸ்-யுஎஸ்டி என்று நான் உருவாக்காத ஒரு கணக்கு முளைத்து, எல்லாத் தொகையும் அதில்தான் போய் விழுந்திருக்கிறது. அமெரிக்காவோடு எனக்கு ஒரு தொடர்பும் இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதா, இதையே திருத்த முடியுமா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செங்காங்_வாசி:

காவிரிக்கரை, சில விவரம் வேண்டும். சிதறிய பதிவுகளின் தேதியைப் பாருங்கள். எல்லாமே ஏதாவது ஒரு மாதத்தின் 4-ஆம் தேதியில் இருக்கிறதா? ஏற்றும்போது "ஸ்கிப் எரர்ஸ்" (பிழையான வரிகளை விட்டுவிடு) என்ற பெட்டியில் டிக் போட்டீர்களா? மடிக்கணினியின் வட்டார அமைப்பு எந்த நாட்டில் இருக்கிறது? விண்டோஸ் அமைப்புகளில் நேரம், மொழி பகுதிக்குள் பார்க்கலாம்.

காவிரிக்கரை:

அண்ணே, அப்படியே இருக்கிறது! ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று வரிசையாக டிசம்பர் 4 வரை. நிறைய வரிகள் சிவப்பாக வந்து அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை, அதனால் அந்தப் பெட்டியில் டிக் போட்டேன். வட்டாரம் ஐக்கிய அமெரிக்கா என்று இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதை நான் தொடவில்லை.

செங்காங்_வாசி:

சரி, அப்படியென்றால் தேதிக் குழப்பத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் வங்கி 03/04 என்று எழுதுவது ஏப்ரல் 3. ஏற்றும் பக்கத்தில் தேதி வடிவம் மாதம்-நாள்-ஆண்டு என்று நின்றதால் க்னூகேஷ் அதை மார்ச் 4 என்று படித்துவிட்டது. 12-ஆம் தேதி வரை இப்படித் தப்பாக ஆனாலும் உள்ளே வந்துவிடும். 13-இலிருந்து பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் அந்த வரிகள் சிவப்பாகின. நீங்கள் டிக் போட்டதும் அவை மொத்தமாகக் கழிக்கப்பட்டன. காணாமல் போன பிற்பாதி இதுதான்.

தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றினால் சிவப்பு தானாக மறையும். அந்தச் சிவப்பு வரி எரிச்சலூட்டும், ஆனால் அது மட்டுமே உங்களுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தலைப்பு வரிகளைத் தவிர வேறு எதற்காகவும் ஸ்கிப் எரர்ஸ் பெட்டியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. தலைப்பு வரிகளுக்கும்கூட, மேலே எத்தனை வரி விட வேண்டும் என்று எண் போட தனி இடம் இருக்கிறது. கணக்கு எண், இருப்பு, காலம் என்று வங்கி மேலே எழுதும் வரிகளை அங்கே எண்ணிப் போட்டு விடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தேதியைவிடப் பெரிய சிக்கல் இம்பாலன்ஸ்-யுஎஸ்டி என்ற அந்தப் பெயரில் இருக்கிறது தம்பி. அதை முதலில் பாருங்கள்.

க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் வேலை செய்கிறது. ஒரு பக்கம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைந்தால் இன்னொரு பக்கம் 50 வெள்ளி ஏற வேண்டும். வங்கிக் கோப்பில் ஒரு பக்கம்தான் இருக்கும், பணம் எங்கே போனது என்று வங்கிக்குத் தெரியாது. மறு பக்கத்தை நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் ஒரு இம்பாலன்ஸ் கணக்கைத் தானே திறந்து அதில் போட்டுவைக்கும். அதில் தவறில்லை, பிறகு ஒவ்வொன்றாக மளிகை, போக்குவரத்து, மின்கட்டணம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கின் வாலில் எந்த நாணயம் ஒட்டியிருக்கிறதோ, அந்த நாணயத்தில்தான் பதிவும் இருக்கிறது என்று பொருள். உங்கள் பேரேடு முழுவதும் அமெரிக்க டாலரில் திறக்கப்பட்டிருக்கிறது.

திரையில் வெறும் $ குறிதான் தெரியும். நம் வெள்ளிக்கும் நாம் அதே குறியைத்தான் எழுதுகிறோம். அதனால் கண்ணுக்குத் தப்பே தெரியாது. ஊருக்குப் பணம் அனுப்பிய பதிவைப் போடும்போது, அல்லது வலையிலிருந்து மாற்று விகிதம் இறக்கும்போதுதான் வெடிக்கும். உங்கள் சேமிப்பு ஒவ்வொரு வெள்ளிக்கும் ஓர் அமெரிக்க டாலர் என்று மதிப்பிடப்பட்டு, சொத்து அறிக்கை வீங்கி நிற்கும்.

காரணம் எளிது. புதுப் பேரேடு திறக்கும்போது நாணயத்தை நாம் குறிப்பாகத் தேர்வு செய்யாவிட்டால் கணினியின் வட்டார அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பதிவு ஒன்று ஏறிவிட்ட கணக்கின் நாணயத்தை அப்புறம் மாற்ற முடியாது. அந்தப் பெட்டி மங்கிப்போய் கிடக்கும். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இதைத் திருத்தாதீர்கள். புதிதாகத் தொடங்குங்கள். ஒரு மாதக் கணக்குதானே ஏறியிருக்கிறது.

தொடங்கும் முன் பிரிஃபரன்சஸ் போய், அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் இயல்பு நாணயம் எஸ்ஜிடி, அதாவது சிங்கப்பூர் வெள்ளி என்று வையுங்கள். ரிப்போர்ட்ஸ் பக்கத்திலும் அதே தேர்வு தனியாக உண்டு, அதையும் மாற்றுங்கள். அதன்பிறகு புதுப் பேரேட்டுக்கு உதவும் பக்கம் வரும்போது மறுபடி ஒருமுறை நாணயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்னே போங்கள். திருச்சிக் கணக்கை மட்டும் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்று தனியாகத் திறக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல்:

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரி. ஆனால் புதிதாகத் தொடங்குவது என்றால் கணக்குப் பட்டியலை மறுபடி கையால் அடிக்க வேண்டாம் தம்பி. கணக்குகளின் மரத்தை மட்டும் சிஎஸ்வியாக வெளியே எடுத்து, அதில் யுஎஸ்டி என்று இருப்பதையெல்லாம் எஸ்ஜிடி என்று மாற்றிவிட்டு, புதுப் பேரேட்டில் ஏற்றலாம். நான் என் மாமியார் வீட்டுக் கணக்குக்கு இப்படித்தான் மரத்தை எடுத்துப் போட்டேன்.

இன்னொன்று. எந்தச் சோதனையையும் அசல் கோப்பில் செய்யாதீர்கள். ஏற்றியதைத் திரும்ப எடுக்கும் பொத்தான் க்னூகேஷில் கிடையாது. "சேவ் ஆஸ்" போட்டு சோதனை என்ற பெயரில் ஒரு நகல் எடுத்து அதில் ஏற்றிப் பார்த்து, இருப்பு வங்கியோடு ஒத்துப்போனால் அப்புறம் அசலில் ஏற்றுங்கள்.

லினக்ஸ்தம்பி:

மல்லிகை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோப்பை எக்ஸ்எம்எல் வடிவில் வைத்திருந்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய நகல் அதே கோப்புறையில் தேதி, நேரம் சேர்த்த பெயரோடு நிற்கும். இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நகலைத் திறந்தால் போதும். எஸ்கியூலைட் வடிவில் வைத்தால் அப்படி நகல் எடுக்காது, மாற்றம் ஒவ்வொன்றும் உடனே உள்ளே எழுதப்பட்டுவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் எக்ஸ்எம்எல்தான் நல்லது.

கோப்பை மேகக் கோப்புறையில் வைத்து, கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் திறக்கவும் வேண்டாம். ஒருவர் திறந்திருக்கும்போது எல்சிகே என்று முடியும் ஒரு பூட்டுக் கோப்பு உருவாகும். கணினி திடீரென அணைந்துபோனால் அது அப்படியே தங்கிவிடும், அடுத்த முறை திறக்கும்போது பூட்டு கிடைக்கவில்லை என்று எச்சரிக்கும். வேறு யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேலே போகலாம்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வட்டாரத்தை சிங்கப்பூர் என்று மாற்றி, நாணயம் எஸ்ஜிடி பார்த்து, புதுப் பேரேடு திறந்துவிட்டேன். சோதனை நகலில் ஏற்றினேன். தேதி சரியாக வந்துவிட்டது, ஏப்ரல் முழுவதும் ஏப்ரலில் இருக்கிறது. இம்பாலன்ஸ்-எஸ்ஜிடி என்று வருகிறது.

ஆனால் செலவு இன்னும் வரவாகத்தான் வருகிறது. வங்கிக் கோப்பில் எடுத்த பணத்துக்கு ஒரு பத்தி, போட்ட பணத்துக்கு ஒரு பத்தி. இரண்டுக்கும் அமவுன்ட் என்று கொடுத்திருக்கிறேன்.

செங்காங்_வாசி:

அங்கேதான் சிக்கல். போட்ட பணத்தின் பத்திக்கு மட்டும் அமவுன்ட். எடுத்த பணத்தின் பத்திக்கு அதே பட்டியலில் நெகேட்டட் என்று சேர்த்து இன்னொரு அமவுன்ட் இருக்கும், அதைக் கொடுங்கள். வங்கி இரண்டையும் கூட்டல் எண்ணாகவே எழுதுகிறது, எது கழிவு என்று நாம்தான் சொல்ல வேண்டும். பழைய பதிப்புகளில் இவை டெபாசிட், வித்டிராயல் என்ற பெயரில் இருந்தன. வலையில் பழைய விளக்கங்களைப் படித்தால் குழம்ப வேண்டாம்.

கடன் அட்டைக் கோப்பில் ஒரே பத்திதான் இருக்கலாம். அதில் செலவு கூட்டலாகவும், திருப்பிக் கட்டியது கழித்தலாகவும் இருந்தால் அந்த ஒரே பத்திக்கு நெகேட்டட் கொடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததும் அதே பக்கத்தின் மேலே இந்த அமைப்புக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். வங்கிக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. அடுத்த மாதம் பெயரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பத்தியும் தானாக அமைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:

ஏற்றியதும் இருப்பைப் பாருங்கள் தம்பி. ஏப்ரல் 30 அன்று வங்கி அறிக்கையில் உள்ள இருப்பும் பேரேட்டின் இருப்பும் காசு சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் தொடக்க இருப்பு போடாமல் விட்டிருப்பீர்கள். மார்ச் 31 அன்று வங்கியில் இருந்த தொகையை, ஓப்பனிங் பேலன்சஸ் என்ற ஈக்விட்டி (மூலதன) கணக்கிலிருந்து வந்ததாக ஒரு பதிவு போடுங்கள். அதன்பிறகும் வித்தியாசம் இருந்தால் வித்தியாசத் தொகையை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பாதித் தொகை கோப்பில் எங்காவது இருந்தால், அந்த ஒரு வரி கூட்டலுக்குப் பதில் கழித்தலாக ஏறியிருக்கிறது. கையால் பேரேடு எழுதிய காலத்திலிருந்து இந்தச் சோதனை எங்களைக் கைவிட்டதில்லை.

காவிரிக்கரை:

ஐயா, இருப்பு ஒத்துவிட்டது! தொடக்க இருப்புதான் விட்டுப்போயிருந்தது.

இப்போது அட்டைக் கோப்பையும் ஏற்றினேன். வங்கியிலிருந்து அட்டைக்குக் கட்டிய 640 வெள்ளி இரண்டு முறை வருகிறது. வங்கிக் கோப்பில் ஒன்று, அட்டைக் கோப்பில் ஒன்று. எதை அழிப்பது?

மல்லிகைப்பந்தல்:

எதையும் அழிக்க வேண்டியதில்லை, வரிசையாகச் செய்தால் போதும். வங்கிக் கோப்பை ஏற்றும்போது அந்த 640 வெள்ளி வரியின் மறு பக்கமாக அட்டைக் கணக்கைக் காட்டுங்கள். உடனே அட்டையின் பேரேட்டிலும் அந்த 640 தெரியும். பிறகு அட்டைக் கோப்பை ஏற்றும்போது, பொருத்தும் பக்கத்தில் க்னூகேஷ் இதைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். அந்த வரிக்கு ஏ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் புதிதாகச் சேர்க்கும், சி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் இருப்பதோடு பொருத்தி சரிபார்த்ததாகக் குறிக்கும். உங்களுக்கு சி வேண்டும். அந்த வரியை இரண்டு முறை அழுத்தினால் எதோடு பொருத்துகிறது என்று காட்டும்.

வங்கியில் வெள்ளிக்கிழமை போனது அட்டையில் திங்கட்கிழமை வந்து சேரும், அந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே தொகைக்கு இரண்டு செலவு இருந்தால் தடுமாறலாம். பிள்ளைகளின் டியூஷனுக்கு ஒரே தொகை இரண்டு முறை போனபோது எனக்கு அப்படி ஒன்றை மற்றதோடு சேர்த்துவிட்டது. அதனால் சி விழுந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

லினக்ஸ்தம்பி:

சிஎஸ்வியின் பலவீனம் இதுதான். ஓஎஃப்எக்ஸ் என்ற இன்னொரு கோப்பு வடிவில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கியே ஒரு தனி அடையாள எண் கொடுக்கும், அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும் இரட்டிக்காது. சிஎஸ்வியில் அந்த எண் இல்லை, தேதியும் தொகையும் விவரமும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் தனிநபருக்கு சிஎஸ்வி, எக்செல் மட்டுமே தருகின்றன. ஆகவே ஒவ்வொரு மாதமும் 1 முதல் கடைசித் தேதி வரை, ஒரே நாள் இரண்டு கோப்பில் வராமல் இறக்குங்கள்.

சிஎஸ்வியை ஓஎஃப்எக்ஸாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் வலைத்தளங்களில் உங்கள் வங்கி அறிக்கையைக் கொடுக்காதீர்கள், அண்ணே. சம்பளம், முகவரி, யாருக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். திறக்கும்போதே தேதிப் பத்தியை டிஎம்ஒய் (நாள்-மாதம்-ஆண்டு) என்றும், குறிப்பு எண் பத்தியை டெக்ஸ்ட் என்றும் குறித்துவிடுங்கள். எக்செல்லில் நேராகத் திறந்தால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும்.

பூன்லே_அம்மா:

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு சிரமப்படுவதற்கு எஸ்ஜிஃபின்டெக்ஸ் வழியாக நேரே இழுக்க முடியாதா? அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் போட்டால் எல்லா வங்கியும் ஒரே இடத்தில் தெரிகிறதே.

செங்காங்_வாசி:

முடியாது அம்மா. 2020 டிசம்பரில் வந்த அந்த வசதி, அதில் சேர்ந்துள்ள வங்கிகள், அரசு அமைப்புகள் போன்றவற்றுக்கு இடையே நம் ஒப்புதலோடு தகவலைக் கொண்டுபோவது. நம் வீட்டுக் கணினியில் இருக்கும் மென்பொருளுக்கு அதில் வாசல் இல்லை. மொத்த இருப்பைப் பார்க்க அது நல்லது, வரி வரியாகக் கணக்கு வைக்க சிஎஸ்விதான்.

காவிரிக்கரை:

அக்கா சொன்னபடி வரிசையாகச் செய்தேன், 640 ஒரே பதிவாக நிற்கிறது.

ஆனால் பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வசதி வழியாகப் போன பணமெல்லாம் மளிகை என்று தானாகப் போகிறது. தேக்கா சந்தையில் மீன் வாங்கியதை மளிகையில் போட்டேன், உண்மைதான். அதற்காக வீட்டு வாடகையும் மளிகையா? மீ செபக் நூடுல்ஸ் கடையும் மளிகையா?

லினக்ஸ்தம்பி:

அது நீங்கள் முன்பு சொன்னதிலிருந்து கற்றுக்கொள்கிறது. விவரப் பத்தியில் உள்ள சொற்களைப் பிரித்து, எந்தச் சொல் எந்தக் கணக்கோடு எத்தனை முறை வந்தது என்று நினைவில் வைக்கும். உங்கள் கோப்பில் விவரம் என்ற பத்தியில் பேநவ் டிரான்ஸ்ஃபர் என்பது மட்டும் இருந்து, பெறுபவர் பெயர் அடுத்த பத்தியில் இருக்கும். நீங்கள் முதல் பத்தியை மட்டும் ஏற்றியிருப்பீர்கள். அதனால் மீன்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் அதற்கு வித்தியாசமே தெரியாது.

கால்க்கில் இரண்டு பத்தியையும் ஒரே பத்தியாகச் சேர்த்து, அதை விவரமாக ஏற்றுங்கள். பழைய தவறான பாடத்தை மறக்க வைக்க டூல்ஸ் மெனுவில் இம்போர்ட் மேப் எடிட்டர் இருக்கிறது. அதில் பேநவ், டிரான்ஸ்ஃபர் போன்ற பொதுச் சொற்களின் வரிகளை அழியுங்கள்.

காவிரிக்கரை:

அருமை, பெயர் சேர்ந்ததும் வாடகை வாடகைக்குப் போகிறது. கடைசியாக ஒன்று. சம்பளத்தில் வங்கிக்கு வருவது 3,991 வெள்ளி. மசேநிதிக்கு, அதாவது மத்திய சேம நிதிக்குப் போவதைக் கணக்கில் காட்ட வேண்டாமா? அப்புறம் ஊருக்கு அனுப்பும் பணம்?

கணக்குப்பிள்ளை:

கட்டாயம் காட்ட வேண்டும், அது உங்கள் சொத்து. 3,991 என்று சொன்னதும் மொத்தச் சம்பளம் 5,000 என்று தெரிகிறது. உங்களிடம் பிடிப்பது 20 விழுக்காடு, 1,000. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 9. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 850 வெள்ளி போடுகிறார். வயது 35-க்குள் என்றால் அந்த 1,850 வெள்ளி சாதாரணக் கணக்கில் ஏறக்குறைய 1,150, சிறப்புக் கணக்கில் 300, மருத்துவச் செலவுக்கான மெடிசேவில் 400 என்று பிரியும். சில காசு முன்பின் இருக்கும், மசேநிதி அறிக்கையில் உள்ளதையே எழுதுங்கள்.

பதிவு இப்படி: வருமானப் பக்கம் சம்பளம் 5,000, முதலாளி மசேநிதி 850. மறு பக்கம் வங்கி 3,991, சிண்டா 9, மசேநிதியின் மூன்று கணக்குகளுக்கும் சேர்த்து 1,850. இரு பக்கமும் 5,850. மூன்று கணக்கையும் சொத்தின் கீழ் தனித்தனியாகத் திறங்கள், சாதாரணக் கணக்கிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனுக்குப் போவதும் பின்னால் அழகாகப் பொருந்தும்.

இதை மாதாமாதம் தானாக விழும் பதிவாக, ஷெட்யூல்டு டிரான்சாக்ஷனாக வைத்துவிடுங்கள். அது முதலில் விழுந்த பிறகு வங்கிக் கோப்பை ஏற்றினால், 3,991 வரி அதோடு பொருந்தி சி ஆகிவிடும். வரிசை மாறினால் சம்பளம் இரண்டாகும். சம்பளம் உயரும்போது உச்சவரம்பையும் நினைவில் வையுங்கள். 2025-இல் மாதம் 7,400 வெள்ளி, 2026 ஜனவரியிலிருந்து 8,000. மாதச் சம்பளத்தில் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மசேநிதி பிடிக்கமாட்டார்கள்.

மல்லிகைப்பந்தல்:

ஊர்ப்பணத்துக்கு நான் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கிலிருந்து என்ஆர்இ கணக்குக்கு மாற்றும் பதிவு போட்டால் விகிதம் கேட்கும் ஒரு பெட்டி வரும். அதில் விகிதத்தை எழுதாதீர்கள். டு அமவுன்ட் என்ற இடத்தில் ஊரில் உண்மையாக வந்து சேர்ந்த ரூபாயை எழுதுங்கள், விகிதத்தை அதுவே கணக்கிடும். செய்தியில் பார்க்கும் விகிதம் உங்களுக்குக் கிடைத்த விகிதம் ஆகாது. அனுப்பும் கட்டணத்தைத் தனியாகப் பிடித்தால் அதை வங்கிக் கட்டணம் என்ற செலவில் போடுங்கள்.

காவிரிக்கரை:

சம்பளப் பதிவு 5,850-க்கு இரு பக்கமும் ஒத்து நிற்கிறது, மே மாதக் கோப்பை அசல் பேரேட்டில் ஏற்றிவிட்டேன். வங்கி அறிக்கையும் பேரேடும் காசு வித்தியாசமில்லை. மனைவியின் சம்பளத்தையும் இதே அமைப்பில் போட்டுவிட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை விட்டுப்போன மாதங்களையும் பின்னோக்கி ஏற்றப் போகிறேன். அப்படி ஏற்றினால் மார்ச் 31 தொடக்க இருப்பை என்ன செய்வது ஐயா?

கணக்குப்பிள்ளை:

அந்தப் பதிவின் தேதியை டிசம்பர் 31-க்கு மாற்றி, அன்றைக்கு வங்கி அறிக்கையில் இருந்த தொகையை அதில் எழுதுங்கள். மூன்று மாதமும் ஏறி முடிந்ததும் மார்ச் 31 இருப்பு இப்போது நீங்கள் போட்டிருக்கும் தொகைக்கே வந்து நிற்க வேண்டும். அதைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.